பத்தாவது இருக்கை

இரவு பன்னிரண்டு இருபது.
கில்ரஷில் மழை.
அயர்லாந்தின் இந்த மூலையில்
அதைச் சொல்லவே வேண்டியதில்லை.
பிரீடுக்கு லிமெரிக் மருத்துவமனையில் இரவுப்பணி.
பிள்ளைகள் ஒன்பது பேரும் மாடியில்.
சமையலறை மேசையில் நான்,
மடிக்கணினி, ஆறிய தேநீர்,
மீன் நிறுக்கும் தராசு.

தராசு எதற்கென்றால்
பைக்குப் பத்துக் கிலோ.
பதினொன்று ஆனால்
ஆளை விடப் பைக்கு அதிகம் கட்டணம்.
சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.
அதனால் இரட்டையர் இருவரும்
குளிர்கோட்டுப் பைகளில் காலுறைகளைத் திணித்துக்கொண்டு
வெயில் ஊருக்குப் போவார்கள்.
ஃபீக்ரா நேற்றே போட்டுப் பார்த்தான்.
கை மடங்கவில்லை.

ஊர் ஃபாரோ, போர்ச்சுகல்.
அங்கே எனக்கு யாரையும் தெரியாது.
கடலில் இறங்கினால் பல் கிட்டாது என்றார்கள்,
அது போதும்.

பள்ளி விடுமுறை வாரத்தில் போவதென்றால்
நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை விற்கவேண்டும்.
அதுவும் என்னுடையதில்லை.
ஆகவே முந்தைய வாரம், செவ்வாய்க்கிழமை,
சேவல்கூடப் புரண்டு படுக்கும் நேரத்து விமானம்.
திரும்புவது பதினெட்டாம் தேதி,
ஒருநாளும் தள்ளக் கூடாது:
பத்தொன்பதில் நெஸ்ஸாவுக்கு இரண்டு வயது.
அன்றோடு என் மடி செல்லாது,
அவளும் முழு டிக்கெட்.
மடிக்கும் காலாவதி நாள் உண்டென்று
நிபந்தனைகளை ஐந்தாம் முறை படித்தபோதுதான் தெரிந்தது.

ஆக, ஆட்கள் பதினொன்று, இருக்கை பத்து.
பயணிகள் என்ற கட்டத்தில்
கூட்டல் குறியை அழுத்திக்கொண்டே போனேன்.
ஏழு.
எட்டு.
ஒன்பது.
குறி சாம்பல் நிறமாகிவிட்டது.
விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன்.
விரலில் குற்றமில்லை.
இந்த விமானம் பறக்கும் வானத்தில்
ஒன்பதுக்கு மேல் குடும்பம் கிடையாது.

படியில் கஹல்.
தண்ணீர் குடிக்க வந்தவன் திரையைப் பார்த்தான்.
பதினேழு வயது, கணக்கு சட்டென்று ஏறும்.
"நான் வரலைப்பா.
பிராம்பிளுக்கு யார் சோறு வைக்கிறது?
தவிர, வெயில் பட்டா எனக்குத் தோலே உரிஞ்சிடும்."
நாய்க்குச் சோறு வைக்கப்
பக்கத்து வீட்டு நோரா எப்போதோ ஒப்புக்கொண்டாயிற்று.
அது அவனுக்கும் தெரியும்.

தினமும் காலை ஐம்பத்திரண்டு தலை எண்ணுகிறவன் நான்.
ஒன்று குறைந்தால்
வண்டியைத் திருப்பிக்கொண்டு போவேன்,
பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும்.
ஆனாலும் அந்த ஒரு கணம்,
ஒன்பது கச்சிதமாகப் பொருந்தி
பச்சைப் பொத்தான் எரிந்த அந்தக் கணம்
எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவன் பார்த்தானா தெரியவில்லை.
டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.
ஒருநாளும் கழுவியதில்லை அவன்.

எல்லாவற்றையும் அழித்தேன்.
புதிதாய்த் திறந்தேன்.
பயணிகள்: ஒன்று.
பெயர் கஹல்.
கடவுச்சீட்டு எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்து
மூன்றாம் முறை சரியாக அடித்தேன்.
ஜன்னலோர இருக்கைக்குத் தனிக் காசு.
அதையும் கட்டினேன்.
அட்டை போய்விட்டு வந்தது.

பிறகுதான் மற்ற ஒன்பது.
அதற்குள்
மலிவாய் மிஞ்சியிருந்ததில் ஒன்றை நானே எடுத்துவிட்டதால்
விலை தலைக்கு இரண்டு யூரோ ஏறியிருந்தது.

பதினெட்டு யூரோ.
பிரீட் காலையில் வருவாள், கணக்குக் கேட்பாள்.
விமானக் கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் என்று
சொல்லிக்கொள்ளலாம்.

மீன் தராசைக் கொக்கியில் மாட்டினேன்.
மாடியில் இன்னும் விளக்கு எரிகிறது.
போய்ச் சொல்லவேண்டும் அவனிடம்,
கோட்டுப் பையில்
அவனும் காலுறை அடைக்கவேண்டியிருக்கும் என்று.